வலது பக்கக் கட்டம்

ஜூன் 7

அன்பு மருமகளுக்கு உன் மாமன் எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம், லாரியும் சௌக்கியம். நீயும் அக்காவும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். அக்கா இருக்கும் வீட்டுக்குள் காய்ச்சல் வராது, அதற்கும் உயிர்ப் பயம் உண்டு.

உன் கடிதமும் முதல் பாடமும் வெள்ளிக்கிழமை தபால் வண்டியில் வந்து சேர்ந்தன. விஷயம் புரிந்தது. காய்ச்சலுக்குப் பயந்து பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். உனக்கோ ஆசிரியர் பயிற்சி முடிய ஆறு பாடம் நடத்தியாக வேண்டும். நடத்த வேண்டிய நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இங்கே கல்குவாரிக் குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள், நீ அங்கே இருக்கிறாய். போனில் நடத்தலாம் என்றால் சிக்னல் இந்த மேட்டை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே நீ பாடத்தை எழுதி அனுப்புவாய், உள்ளூரில் பெரியவர் ஒருவர் உதவுநராக இருந்து அதைப் பிள்ளைகளிடம் நடத்தி விடைத்தாள்களை அனுப்புவார், அப்படிச் செய்யலாம் என்று உன் கல்லூரியே சொல்லிவிட்டது. அந்தப் பெரியவராக நான் இருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். சூரியனிடம் போய்க் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்குமா என்று கேட்ட மாதிரி இருக்கிறது.

ஆறாம் வகுப்போடு நின்றவன்தானே என்று அக்கா சொல்லியிருப்பாள். நின்றது உண்மை. ஏன் நின்றேன் என்று சொன்னாளா? எங்கள் கணக்கு வாத்தியார் அப்பாவை வரவழைத்து, "இவனுக்குச் சொல்லித் தர இனிமே என்கிட்ட ஒண்ணும் இல்லீங்க, கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். கைகூப்பிச் சொன்னார். நம் குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி ஒரு மரியாதை நடந்திருக்கிறதா?

குவார்ட்டர்ஸுக்குத் தண்ணீர் கொண்டுவருவது என் டேங்கர்தான் என்பது உனக்குத் தெரியும். குழாயைத் திறந்துவிட்டால் டேங்கர் காலியாக நாற்பது நிமிஷம். ஒரு பாடவேளையும் நாற்பது நிமிஷம் என்று எழுதியிருக்கிறாய். இதைத் தற்செயல் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

நேற்றுச் சனிக்கிழமை முதல் பாடம் நடத்தினேன். 'மிதப்பவையும் மூழ்குபவையும்.' உன் தாளைப் படித்தேன். குறை சொல்வதற்கில்லை, ஆனால் உப்பு போதவில்லை. அதனால் நான் வெள்ளத்தில் லாரியோடு ஏழு மைல் மிதந்து போன கதையைச் சேர்த்துக்கொண்டேன். நாற்பது பிள்ளைகள் வாயைப் பிளந்தபடி நின்றார்கள். குவாரி மேனேஜர் அந்தப் பக்கம் போனவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். விடைத்தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். திருத்தும்போது சந்தோஷத்தில் அழாதே, மை கரையும்.

உன் மாமன்

---

ஜூன் 12

மாமாவுக்கு வணக்கம்.

விடைத்தாள்கள் வந்தன. மிதக்கும் பொருள்களுக்கு மூன்று எடுத்துக்காட்டுகள் கேட்டிருந்தேன். ஒன்பது பேரும் ஒன்றுபோல 'லாரி, மாமா, மாமாவின் செருப்பு' என்று எழுதியிருக்கிறார்கள். ஆம் மாமா, ஒன்பது பேர்தான். அந்தப் பள்ளியின் வருகைப் பதிவேடு என்னிடம் இருக்கிறது. மீதி முப்பத்தொரு பேரை நீங்கள் எங்கிருந்து பிடித்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். போன வருஷம் நான் செய்முறைத் தேர்வில் தேறவில்லை என்று மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். என்ன நடந்தது என்று தெரியாது. பயத்தில் நாற்பது நிமிஷப் பாடத்தை எட்டு நிமிஷத்தில் முடித்துவிட்டேன். மீதி முப்பத்திரண்டு நிமிஷம் நானும் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த விரிவுரையாளர் அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வருஷமும் தவறினால் மூன்றாவது வாய்ப்பு கிடையாது. துணிக்கடையில் போய் நிற்க வேண்டியதுதான் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். கடைக்காரரிடம் பேசியும் வைத்துவிட்டாள். நேற்றுப் பார்த்தால், எனக்குப் பழக்கமாகட்டும் என்று வீட்டில் இருக்கும் போர்வைகளை எல்லாம் பிரித்துப் போட்டு மடிக்கச் சொல்கிறாள்.

அதனால் முதல் பாடத்தை மறுபடி நடத்துங்கள். தாளில் இரண்டு கட்டம் இருக்கிறது. இடது பக்கம் 'ஆசிரியர் செயல்', வலது பக்கம் 'மாணவர் செயல்'. இரண்டிலும் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நடக்க வேண்டும். ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வெள்ளம் வேண்டாம். மேனேஜரும் வேண்டாம்.

அடுத்த பாடத்தையும் அதற்கடுத்ததையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன். உங்களைத்தான் மலைபோல நம்பியிருக்கிறேன் மாமா.

உங்கள் மருமகள்

---

ஜூன் 28

மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. லாரியிடம்கூட. பிறகு நினைத்துப் பார்த்தேன். பெரிய மனிதனாகப்பட்டவன் சின்னப் பெண் சொல்வதையும் கேட்க வேண்டும். கேட்டேன்.

இரண்டு வாரம், மூன்று பாடம், மூன்றும் முடிந்தன. மிதப்பது, நிழல், விதை முளைப்பது. நீ எழுதியதில் ஒரு எழுத்து பிசகவில்லை. மாணவர்கள் ஆர்வத்துடன் ஆசிரியரைச் சூழ்ந்து நிற்பர் என்று எழுதியிருந்தாய், சூழ்ந்து நின்றார்கள். உற்று நோக்குவர் என்றாய், நோக்கினார்கள். வியப்படைவர் என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் தாமதமாயிற்று. வந்த பிறகு அந்த வியப்பைப் பார்க்க ஜல்லி ஏற்ற வந்த லாரிக்காரர்கள் எல்லாம் வண்டியை ஓரம் கட்டினார்கள்.

ஒரு மாணவர், "கனமான பொருள்கள் எல்லாம் மூழ்கும்" என்று தவறாகக் கூறுவார் என்று போட்டிருந்தாய் அல்லவா? சரியாக அந்த இடத்தில் அந்தத் தவறு வந்தது. உடனே வேறொரு மாணவர் சரியான விடையைக் கூறுவார் என்றாய், கூறினான். அனைவரும் ஆமோதிப்பர் என்றாய். ஆமோதித்த சத்தத்தில் குழாய்மேல் உட்கார்ந்திருந்த காக்கை பறந்துவிட்டது.

முன்கூட்டியே இத்தனையையும் எழுதி வைத்திருக்கிறாயே, உன் மூளை எப்படிப்பட்ட மூளை என்று நினைத்து நினைத்துப் பூரித்துப்போகிறேன். என் பக்கத்திலிருந்து வந்த மூளை அது. அக்காவிடம் சொல்.

உன் மாமன்

---

ஜூலை 3

மாமா,

என்னவென்று சொல்வேன். மூன்று பாடங்களின் விடைத்தாள்களையும் நீங்கள் நிரப்பிய அறிக்கையையும் விரிவுரையாளர் அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு மணி நேரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு, "இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல திட்டம் போட்டபடியே நடந்த பாடத்த இப்பதான்மா பாக்கறேன்" என்றார். அது பாராட்டா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா அன்று போர்வை மடிக்கச் சொல்லவில்லை.

ஒரே ஒரு கவலை. மூன்று பாடங்களிலும் தவறான விடை சொன்னது ஒரே குழந்தை என்று அறிக்கையில் இருக்கிறது. கல் உடைக்கும் கிரஷர் இயந்திரம் ஓட்டுபவரின் மகள், எல்லாரும் எறும்பு என்று கூப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்களே, அவள்தான். நிழலிலும் தவறு, விதையிலும் தவறு. பாவம், அவளுக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று எளிய பயிற்சித் தாள் ஒன்று தனியாகத் தயாரித்து அனுப்பியிருக்கிறேன். அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள் மாமா.

அந்த வியப்பு ஏன் தாமதமாக வந்தது?

உங்கள் மருமகள்

---

ஜூலை 7

மருமகளுக்கு,

உன்னால் நேற்று என் லாரியின் முன்னால் ஒரு மனிதர் வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கிரஷர்காரர். கையில் நீ அனுப்பிய எளிய பயிற்சித் தாள். "என் பொண்ணு மெல்லக் கத்துக்கறவளா? எங்க வீட்டுக்கு வர்ற கடுதாசி எல்லாத்தையும் அவதான்யா படிச்சுச் சொல்றா. யாருய்யா இத எழுதினது?" என்று கேட்டார். மேலிடத்து உத்தரவு என்று சொல்லித் தப்பித்தேன். அவர் கை என் தொடை அளவு இருக்கும். என்னைத் தொட்டிருந்தால் அவர் கதி என்ன ஆகியிருக்குமோ, அது வேறு விஷயம்.

எறும்பு மெல்லக் கற்கிறவள் இல்லை. தப்பாகச் சொல்வது அவள் வேலை. முதல் நாள் உன் தாளை வைத்து யார் யாருக்கு எது என்று பிரித்துக் கொடுத்தேன். ஆர்வத்துக்கு நான்கு பேர். சரியான விடைக்குப் பாறையில் துளை போடும் கம்ப்ரசர்காரர் மகன், அவனுக்குத்தான் குரல் கணீரென்று இருக்கிறது. சந்தேகம் கேட்பதற்கு ஒருத்தி. தப்பு சொல்ல மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எறும்பின் பெயர் வந்தது. முதலில் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். இப்போது அவளைப் போலத் தப்புச் சொல்ல இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. "சும்மா தப்பா சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க மாமா, கேக்கறவங்களுக்கு ஆமான்னு தோணணும்" என்கிறாள். ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று நாள் ஒத்திகை. வியப்பு தாமதமானதும் அதனால்தான். மூன்று தடவை பல்வலி வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். நான்காவதில் பிடித்துக்கொண்டார்கள்.

நீ மட்டும் எழுதி எழுதி அனுப்பு. நடிக்க இங்கே ஆள் தயார்.

உன் மாமன்

---

ஜூலை 10

மாமா,

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து கிழித்தது மூன்று தாள்.

வலது பக்கக் கட்டம் வசனம் இல்லை. பிள்ளைகள் இப்படிச் சொல்லலாம் என்று நாங்கள் முன்கூட்டி நினைத்துப் பார்த்து எழுதுவது அது. உண்மையில் என்ன சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதற்காகத்தான் பாடமே நடத்துகிறோம். நீங்கள் ஒத்திகை பார்த்திருக்கிறீர்கள். வியப்புக்கு ஒத்திகை. அதை நான் கல்லூரியில் கொடுத்து, பார்த்தீர்களா என்று நிமிர்ந்து வேறு நின்றிருக்கிறேன்.

உங்களை மட்டும் திட்டவும் முடியவில்லை, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. எழுதியதுதான் நடக்க வேண்டும் என்று சொன்னது நான். அந்தக் கட்டத்தில் இருந்ததும் என் யோசனை இல்லை. 'ஆர்வத்துடன் சூழ்ந்து நிற்பர், வியப்படைவர், ஆமோதிப்பர்' என்பதை எனக்கு முந்தைய வருஷ அக்காவின் நோட்டிலிருந்து எடுத்தேன். அவள் அவளுக்கு முந்தைய வருஷத்திலிருந்து எடுத்தாள். எங்கள் கல்லூரியில் எத்தனையோ வருஷமாகப் பிள்ளைகள் ஒரே மாதிரி வியப்படைந்துகொண்டிருக்கிறார்கள். நிஜமாகவே அப்படி நடத்திப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இப்போது கேளுங்கள். வரும் பதினெட்டாம் தேதி விரிவுரையாளர் அம்மா அங்கே நேரில் வருகிறார். எதையோ மோப்பம் பிடித்துவிட்டார். எனக்கு வர அனுமதி இல்லை. நான்காவது பாடத்தை அனுப்பியிருக்கிறேன், கலவைகளைப் பிரித்தல். வலது பக்கக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பிள்ளைகள் என்ன சொல்கிறார்களோ, என்ன செய்கிறார்களோ, அதை அப்படியே அதில் எழுதுங்கள். ஒத்திகை கூடாது, வேஷம் கூடாது.

நடந்ததை அவரிடம் சொல்வதா, வாயை மூடிக்கொண்டிருப்பதா என்று தெரியவில்லை. சொன்னால் இந்த வருஷமும் போயிற்று. அம்மா இன்றைக்குக் காலையில் துணிக்கடைக்காரர் எப்போது வரச் சொல்கிறார் என்று ஆள் விட்டுக் கேட்டாள்.

எறும்பிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவள் அப்பாவிடமும்.

மருமகள்

---

ஜூலை 19

மருமகளுக்கு,

பெரியவர்களைத் திட்டுவதற்கு ஒரு வயது வேண்டும். உனக்கு அது இன்னும் வரவில்லை. இருந்தாலும் நான் பெரிய மனசுக்காரன், நடந்ததை எழுதுகிறேன்.

விரிவுரையாளர் அம்மா நேற்றுக் காலை ஜீப்பில் வந்து இறங்கினார். ஆறடி உயரம் எதிர்பார்த்தேன். நான்கே முக்கால் அடிதான். ஆனால் அந்தப் பார்வை ஒன்பதடி இருக்கும். முகத்தில் கவசம், கையில் குடை. ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். "நீங்க ஆரம்பிங்க, நான் இல்லன்னு நெனச்சுக்குங்க" என்றார். ஒரு புலி அப்படிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

குழாயைத் திறந்துவிட்டு ஆரம்பித்தேன். இன்றைக்கு வசனம் கிடையாது, தோன்றியதைச் சொல்லலாம் என்று பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். ஒன்பது பேரும் என் கையில் இருந்த தாளையே எட்டிப் பார்த்தார்கள். பிறகு கம்ப்ரசர்காரர் மகன், "தோணலைன்னா என்ன மாமா பண்றது?" என்று கேட்டான். அதை உன் வலது பக்கக் கட்டத்தில் எழுதிக்கொண்டேன். ஜல்லி, மணல், மரத்தூள் மூன்றையும் கலந்து நடுவில் கொட்டினேன். சல்லடை வேண்டும் என்றாள் ஒருத்தி. எழுதினேன். லாரிக் குழாய் ஒழுகுகிறது என்றான் ஒருவன். அதையும் எழுதினேன். ஒழுகுவது என் லாரி இல்லை, குவார்ட்டர்ஸ் குழாய் என்று பக்கத்தில் குறிப்புப் போட்டிருக்கிறேன். அரை மணி நேரத்தில் மூன்று பக்கம் எழுதிவிட்டேன். கை வலி.

பாடம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது அம்மா எழுந்தார். பழைய பாடத்தில் ஒன்று கேட்கலாமா என்றார். கேளுங்கள் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"கனமான பொருள் எல்லாம் தண்ணில மூழ்குமா?"

மருமகளே, உன் முதல் பாடத்தில் எழுத்துக்கு எழுத்து இருந்த கேள்வி அது. எட்டுத் தலைகளும் ஒரே நேரத்தில் எறும்பின் பக்கம் திரும்பின. அவள் வசனம் அல்லவா? அவளும் பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்து, கைகளைப் பின்னால் கட்டி, "கனமான பொருள்கள் எல்லாம் மூழ்கும் மிஸ்" என்றாள். அந்த நம்பிக்கையோடு அவள் சொன்னதைக் கேட்டால் கப்பல் ஓட்டுகிறவன்கூடக் கப்பலை விட்டு இறங்கிவிடுவான்.

"அப்படியா?" என்றார் அம்மா.

"இல்ல மிஸ், அது தப்பு. தப்பு சொல்றது என் வேலை. சரியா சொல்றது அவன்" என்று கம்ப்ரசர்காரர் மகனைக் காட்டினாள்.

அவன் எழுந்து சரியான விடையைக் கணீரென்று சொன்னான். அம்மா ஏன் என்று கேட்டார். அதே விடையை இன்னும் கணீரென்று சொன்னான். மூன்றாவது முறையும் ஏன் என்று கேட்டதும், "அதுக்கு மேல தாள்ல இல்ல மிஸ்" என்று உட்கார்ந்துவிட்டான்.

அப்போது எறும்பு யாரையும் கேட்காமல் போய் அம்மாவின் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். நான் தடுக்கப் போனேன், அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். டப்பாவைத் தண்ணீர் இருந்த இன்னொரு வாளியில் வைத்தாள். சாப்பாட்டோடு மிதந்தது. கூட இருந்த ஸ்பூனை எடுத்துப் போட்டாள். அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. "டப்பா கனம், மிதக்குது. ஸ்பூன் லேசு, மூழ்கிடுச்சு. கனத்த மட்டும் பாத்தா பத்தாது மிஸ். எவ்ளோ எடத்த அடைச்சுக்கிட்டு உக்காருதுன்னும் பாக்கணும்" என்றாள்.

யார் சொல்லிக் கொடுத்தது என்று அம்மா கேட்டார். என் பெயர் வரும் என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். வரவில்லை. "யாரும் இல்ல மிஸ். தப்ப நம்பற மாதிரி சொல்றேனான்னு எங்கப்பாகிட்ட சொல்லிப் பாத்தேன். அவரு நம்பிட்டாரு. அவரே நம்பினதும் எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. வீட்ல இருக்கற எல்லாத்தையும் தொட்டியில போட்டுப் பாத்தேன்" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தார். டேங்கர் காலியாகிக் குழாயில் காற்று வரும் சத்தம் கேட்டது. போய்க் குழாயை மூடிவிட்டு வந்தேன். "வேஷம் பிரிச்சுக் குடுத்தது நான்தாங்க. எம் மருமகளுக்குத் தெரியாது. அவ எழுதினபடி நடத்துங்கன்னா, எனக்குப் புரிஞ்சது அவ்ளோதான். அவள ஃபெயிலாக்கிடாதீங்க" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் குவாரிகளில் எல்லாம் இப்போது என் முறையில்தான் பாடம் நடக்கிறது என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார். எது தெரியும் என்று சொல்லவில்லை. நான் எழுதிய மூன்று பக்கத்தையும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஈர டப்பாவைத் திறந்து ஜீப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

இனி உன் பாடு, கடவுள் பாடு. துணிக்கடைக்குப் போகும்படி ஆகிவிட்டால் சொல், நான் வந்து அக்காவிடம் பேசுகிறேன். அவளுக்கு நான் பயந்தவன் இல்லை. எதற்கும் அவள் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து எழுது.

உன் மாமன்

---

ஜூலை 31

மாமா,

அவருக்குத் தெரியும் என்றால் எல்லாம் தெரியும் என்று அர்த்தம். பதினான்காம் தேதி நானே போய்ச் சொல்லிவிட்டேன். உங்களிடம் எழுதத் தைரியம் வரவில்லை. கல்லூரி வாசலில் இரண்டு முறை திரும்பினேன், மூன்றாவது முறை காவலாளி, "உள்ள போறியா, வெளிய போறியா, கேட்ட சாத்தணும்" என்றார். உள்ளே போய்விட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விரிவுரையாளர் அம்மா மேஜைமேல் இருந்த தாள்களை அடுக்கினார். சரி போ என்றார். நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்களும் அவரிடம் உண்மையைச் சொல்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை. சொன்னது சந்தோஷமாக இருக்கிறது மாமா. பக்கத்துக் குவாரிகளைப் பற்றிச் சொன்னதை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

முடிவு இதுதான். நடித்த மூன்று பாடங்களும் தள்ளுபடி. அவர் பார்த்த பாடம் கணக்கில் சேரும். தள்ளுபடியான மூன்றையும் மீதி இரண்டையும், ஆக ஐந்து பாடங்களை, செப்டம்பர் பதினைந்துக்குள் முடித்துக் கொடுத்தால் தேர்ச்சியைப் பற்றி யோசிப்பாராம். யோசிப்பேன் என்றுதான் சொன்னார். வேறு எந்த உறுதியும் கிடையாது.

இன்னொன்றும் நடந்தது. நீங்கள் கிறுக்கிய மூன்று பக்கத்தை வகுப்பில் எல்லாருக்கும் படித்துக் காட்டினார், குழாய் ஒழுகியது உட்பட. இனிமேல் யாரும் வலது பக்கக் கட்டத்தை முன்கூட்டி நிரப்பக் கூடாது, பாடம் முடிந்த பிறகு நடந்ததை எழுதுங்கள், அதைப் பார்த்து அடுத்த பாடத்தைத் திருத்துங்கள் என்று சொல்லிவிட்டார். முப்பத்தைந்து பேர் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தார்கள். யாரும் என்னோடு பேசுவதில்லை. நோட்டுக் கொடுத்த அக்கா வீட்டுக்கே வந்து திட்டிவிட்டுப் போனாள்.

முதல் பாடத்தைப் புதிதாக எழுதியிருக்கிறேன். எறும்பு சொன்ன டப்பாவையும் ஸ்பூனையும் இடது பக்கக் கட்டத்தில் சேர்த்திருக்கிறேன். வலது பக்கம் உங்களுடையது. கேட்டதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

---

ஆகஸ்ட் 9

மருமகளுக்கு,

முதல் பாடம் நேற்று மூன்றாம் முறையாக நடந்தது. இந்தப் பாடத்தை இத்தனை தடவை நடத்தியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒரு புதுச் சிக்கல். இப்போது ஒன்பது பேருக்கும் தப்புச் சொல்ல வேண்டுமாம். விரிவுரையாளர் அம்மா எறும்பிடம் மட்டும் அவ்வளவு நேரம் பேசியதில் மற்றவர்களுக்குப் பொறாமை. கம்ப்ரசர்காரர் மகன் ஒரு வாரமாகத் தப்பு யோசித்து வைத்துக்கொண்டு வந்திருந்தான். வேஷம் எல்லாம் ஒழிந்தது, நினைப்பதைச் சொல்லுங்கள் என்று சொல்லி அடக்குவதற்குள் டேங்கர் கால்வாசி காலி.

டப்பா, ஸ்பூன், கட்டை, கூழாங்கல் எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். சொன்னதை எல்லாம் எழுதியிருக்கிறேன். யாரும் வியப்படையவில்லை, அதையும் எழுதியிருக்கிறேன். முடிக்கிற நேரத்தில் சந்தேகம் கேட்கிறவள் இருக்கிறாளே, பழைய வேஷத்தில் சொல்கிறேன், அவள் ஒன்று கேட்டாள்.

"கல்லு மூழ்குது மாமா. அதே கல்ல அரைச்ச தூள் மட்டும் ஏன் எங்க குடத்துத் தண்ணி மேல நிக்குது?"

இங்கே கிரஷர் தூசி பறந்து வந்து எல்லார் வீட்டுத் தண்ணீர்மேலும் படியும். தினமும் கையால் ஒதுக்கிவிட்டு மொண்டு குடிக்கிறோம். நானும் பதினொரு வருஷமாக ஒதுக்குகிறேன்.

தூள் லேசு, அதனால் மிதக்கிறது என்றேன். ஸ்பூனும் லேசுதானே என்றாள் எறும்பு. தூளுக்குள் காற்று இருக்கிறது என்றேன். கம்ப்ரசர்காரர் மகன் ஒரு சிட்டிகைத் தூளைத் தண்ணீருக்குள் அமுக்கினான், கீழே போய்விட்டது, திரும்பி வரவில்லை. சில கல்லுக்கு ராசி அப்படி என்றேன். ஒன்பது பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ சொன்னாயே முப்பத்திரண்டு நிமிஷம், அது எப்படி இருந்திருக்கும் என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துகொண்டேன்.

வலது பக்கக் கட்டத்தின் கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார். நடந்ததை அப்படியே எழுதச் சொன்னதால் எழுதினேன். தாளில் ஒரு சிட்டிகைத் தூள் மடித்து வைத்திருக்கிறேன், நீயே போட்டுப் பார்.

இதை அக்காவிடம் காட்டாதே.

உன் மாமன்

---

செப்டம்பர் 25

மாமா,

தேறிவிட்டேன்.

ஐந்து பாடங்களையும் பார்த்துவிட்டு விரிவுரையாளர் அம்மா கையெழுத்துப் போட்டார். இதற்கு முன்னால் நடத்திய பாடத்தைவிட இந்த முதல் பாடம் மோசமாக நடந்திருக்கிறது, அதனால் நன்றாக இருக்கிறது என்றார். அவர் பேசுவது அப்படித்தான். தூளைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டேன். தண்ணீரின் மேல்பரப்பு மெல்லிய தோல் மாதிரி நின்று பிடிக்கிறதாம். ஆனால் நீங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். பள்ளி திறந்ததும் அங்கேயே ஒரு மாதம் பயிற்சிக்கு வருகிறேன். தட்டில் தண்ணீர், தூள், ஊசி எல்லாம் வைத்து அவர்களே கண்டுபிடிக்கட்டும். பாடம் எழுத ஆரம்பித்துவிட்டேன், இடது பக்கம் மட்டும்.

காட்டாதே என்று எழுதியிருந்தீர்கள். நான் காட்டவில்லை. மதிப்பெண் பட்டியலோடு கல்லூரியில் எல்லாத் தாள்களையும் திருப்பிக் கொடுத்தார்கள், அம்மாவே எடுத்துப் பார்த்துவிட்டாள். முதலில் துணிக்கடைக்காரருக்கு ஆள் அனுப்பி, என் மகள் வர மாட்டாள் என்று சொல்லச் சொன்னாள். பிறகு சாவகாசமாக உட்கார்ந்து உங்கள் வலது பக்கக் கட்டங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தாள். குழாய் ஒழுகிய இடத்தில் சிரித்தாள். முதல் பாடத்தின் கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. 'உதவுநருக்கும் தெரியவில்லை' என்ற அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது என் தம்பி எழுதினது இல்ல" என்றாள்.

உங்கள் கையெழுத்துதான் என்று பழைய கடிதங்களை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். கண்ணாடி போட்டுப் பார்த்தாள், கழற்றிப் பார்த்தாள். கடைசியில் தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, "அவனுக்கு ஒடம்புக்கு ஏதாவது இருக்கும். மறைக்காம எழுதச் சொல்லு" என்றாள்.

அதனால் கேட்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே, மாமா?

உங்கள் மருமகள்